தொட்டிக்குள் இறக்கிய அகல்

வீட்டு வேலைக்கு மேஸ்திரி தேடினால், அவன் கட்டிய வீட்டைப் போய்ப் பார்க்காதே, கண்ணு. பூச்சும் பெயின்டும் எதையும் மறைத்துவிடும். சாயங்காலம் வேலை முடிகிற நேரத்தில் போய் நில். கரண்டியையும் கலவைச் சட்டியையும் கழுவி வைத்துவிட்டுக் கிளம்புகிறானா, காயட்டும் என்று போட்டுவிட்டுப் போகிறானா என்று பார். அது போதும். அம்மாசி கழுவி வைப்பான். அவன் கடைசியாகக் கழுவிக் கவிழ்த்த சட்டி இன்னும் அந்தச் சுவரோரம்தான் இருக்கிறது.

விபத்து என்று நீ எழுதிக்கொண்டு வந்திருக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கொஞ்சம் பேச வேண்டும். ஃபேனுக்குக் கீழே உட்கார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தாயா இந்த வெயிலில்? மோர் குடி. எனக்கு எழுபத்து மூன்று வயது. அலுப்பாக இருக்கிறது. ஒரு தடவைதான் சொல்ல முடியும்.

இந்த மந்தைவெளி வீட்டின் பழைய தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டிருந்தது. வருகிற தண்ணீரில் பாதி மண்ணுக்குள் போனது. புதிதாகக் கட்ட அடையாறிலிருந்து ஒரு கான்ட்ராக்டர் வந்து லேப்டாப்பில் படம் காட்டினார். கே.கே. நகர்க்காரர் ஒருவர் நாற்காலியில் உட்காராமலே பத்து நாளில் முடித்துத் தருகிறேன் என்றார். இருவருக்கும் காபி கொடுத்து அனுப்பிவிட்டு அம்மாசிக்குப் போன் செய்தேன்.

எதிர்வீட்டுக் கமர் ஜஹான் வாசலுக்கே வந்துவிட்டாள். “அந்த ஆளையா மறுபடி கூப்பிட்டீங்க? உங்களுக்கு என்ன ஆச்சு அக்கா?”

அவள் கேட்டதில் தப்பில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இந்த வீட்டுக்கு போர்ட்டிகோ போட்டவன் அம்மாசி. கான்கிரீட் போட்டால் அடியில் சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருப்பார்கள், பார்த்திருப்பாய். இருபத்தோரு நாள் தண்ணீர் விட்டு இறுகின பிறகுதான் கம்புகளை எடுக்க வேண்டும். ஒன்பதாம் நாளே எடுத்துவிட்டார்கள். பதினோராம் நாள் காலை, என் மகள் கயல் ஸ்டூலைப் போட்டு ஏறி மாவிலைத் தோரணம் கட்டினாள். அன்றைக்கு அவளுக்கு நிச்சயதார்த்தம். போர்ட்டிகோ அவள் மேல் இறங்கியது. இருபத்திரண்டு வயது.

அம்மாசி ஓடவில்லை. போலீஸ் கேட்டபோது, “நாந்தான் சார் பிரிச்சேன்” என்று மட்டும் சொன்னான். உள்ளே இருந்துவிட்டு வந்தான். அதற்குள் சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தோரம் இருந்த அவன் வீட்டை இடித்து, குடும்பத்தை ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். அங்கிருந்து இங்கே வர இரண்டு பஸ். என் வீட்டுக்காரர் சாகும்வரை அவனைத் திட்டினார். சாப்பிடும்போதுகூடத் திட்டுவார். நான் சாதம் பரிமாறுவேன்.

போன வருஷம் அவர் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு அம்மாசி வந்தான். கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். தலை நன்றாக நரைத்திருந்தது. கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

“நீ சொல்லித்தான் கம்ப எடுத்தேன்னு ஐயாவாண்ட கடசி வரிக்கும் சொல்லலம்மா” என்றான். “கோர்ட்லயும் சொல்லல. எம் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. இனிமேங்காட்டியும் சொல்ல மாட்டேன். நீ மன்சுல வெச்சிக்கினு கஷ்டப்படாத.”

அன்பாகத்தான் சொன்னான். ஆமாம், நான்தான் சொன்னேன். சம்பந்தி வீட்டார் வரும்போது வாசலில் கம்புக் காடாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? “இருவத்தியோரு நாள் ஆவணும்மா” என்று அவன் இரண்டு தடவை சொன்னான். மூன்றாம் தடவை நான் குரலை உயர்த்தினேன். அவன் எடுத்தான்.

அதை நான் அநேகமாக மறந்தே போயிருந்தேன், கண்ணு. நம்பு. அந்த விஷயம் தெரிந்த இன்னொருவன் இரண்டு பஸ் தூரத்தில் உயிரோடு இருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதன் பிறகு சோறு இறங்கவில்லை.

தொட்டி வேலையை அழகாகச் செய்தான். சித்தாளாக அவன் மனைவி வேலம்மா வந்தாள். மேலே தளம் போட்டு, ஆள் இறங்குகிற வாய் மட்டும் விட்டு, அதற்கு இரும்பு மூடி போட்டான். இந்தத் தடவை இருபத்தோரு நாளும் நானே தண்ணீர் விட்டேன். ஒருநாள் தவறவில்லை. பிறகு தொட்டிக்குள் இறங்கிப் பலகைகளையும் கம்புகளையும் பிரிக்க வேண்டும்.

முந்தின நாள் காலையில் வந்து மூடியைத் திறந்தான். “யம்மா, நாளிக்கு நான் வர்ற வரிக்கும் தெறந்தே கெடக்கட்டும். ஈரப் பலக ஊறி, உள்ள கெட்ட காத்து கீது. மூச்ச அடைச்சிரும்” என்றான். அவன் தெருமுனை திரும்பியதும் நான் மூடினேன். மேலே நனைந்த சாக்கை இரண்டாக மடித்துப் போட்டேன். மறுநாள் அவன் வருவதற்குச் சற்று முன்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். குழந்தைகள் தவறி விழுந்துவிடக் கூடாதே என்று மூடியதாக உன்னிடம் முன்பு சொன்னேன் அல்லவா? இந்த வீட்டில் குழந்தைகள் கிடையாது.

வந்ததும் அகல் விளக்கு கேட்டான். உள்ளே இறக்கிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். விளக்கு எரிந்தால் ஆள் இறங்கலாம்.

வேலம்மா சிரித்தாள். “இந்தாளு வெளக்கு வெச்சிப் பாத்துட்டுத்தான் கக்கூசுக்கே போவாரு.”

“நீ சும்மா கெடடி. எறங்கப் போறது நீயா நானா?”

பூஜை அலமாரியிலிருந்து அகலை எடுத்துத் திரி போட்டுக் கொடுத்தேன். கம்பியில் கட்டி இறக்கினான். பாதி ஆழம் போவதற்குள் அணைந்தது. மேலே இழுத்தான். அவன் குனிந்து பார்ப்பதற்குள் நான் வாங்கிக்கொண்டேன்.

“எண்ணெய் தீர்ந்துபோச்சு அம்மாசி. கொஞ்சம்தான் விட்டேன்” என்றேன்.

“இன்னொரு தபா ஊத்திக் குடேன்.”

“வீட்டில் சொட்டு எண்ணெய் இல்லை. நேத்திலிருந்து திறந்துதானே கிடக்கு?”

என் முகத்தைப் பார்த்தான். “நீ சொன்னா சரிம்மா” என்றான். இறங்கினான்.

ஒரு பலகை மேலே வந்தது. இரண்டாவது பாதியில் நின்று, உள்ளேயே விழுந்தது. வேலம்மா கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு அவளும் இறங்கப் போனாள். அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்து நான்தான் இழுத்தேன். தீயணைப்பு வண்டி வருகிறவரை விடவில்லை. இந்தக் கையில் இருக்கிறதே, அவள் கடித்த தழும்புதான். அவளை நான் காப்பாற்றியிருக்கிறேன். அதையும் எழுது.

அந்த அகல் இதோ, ஜன்னலில் இருக்கிறது. பார். எண்ணெய் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. மூடியது நான். பொய் சொன்னதும் நான். கொன்றதும் நான். உன் காகிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுது, கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் நீ சொல்லிவிட்டுப் போ, கண்ணு. இருபத்தோரு நாள் ஆக வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தவன், நான் சொன்னேன் என்பதற்காகக் கம்புகளை எடுத்து என் பெண்ணைக் கொல்லலாமா?