பாதி ஆட்டத்தில் நிறுத்தியவள்

ஓசூரில் எலும்பு மருத்துவர் வாசலில் வரிசை நீளமாக இருந்தது. எனக்கு முன்னால் கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள். மூத்தவளின் வலது மணிக்கட்டில் பேண்டேஜ்.

"பாதி ஆட்டத்துல எதிராளிக்குக் கை குடுத்துட்டுப் போனா பாரு, அதான் எனக்குப் புடிச்சுது," என்றாள் அவள்.

"யாருக்கா?"

"நேத்து டென்னிஸ்ல, அந்த இடது கைக்காரி. ஜெயிச்சிக்கிட்டுதான் இருந்தா. மணிக்கட்டு வலிக்குதுன்னு நிறுத்திட்டா."

"இன்னும் கொஞ்சம் ஆடியிருந்தா ஃபைனலு. பயந்தாங்கொள்ளி."

"போடி. வருசம் பூரா ஊர் ஊரா ஆட வெக்கிறாங்க, எந்தக் கை தாங்கும்? முன்ன ஒருத்தி வலி தெரியாம இருக்க ஊசி போட்டுக்கிட்டு ஆடி கப்பு வாங்குனா. அப்புறம் ஆளையே காணோம். வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும். அதுக்குத்தான் தைரியம் வேணும்."

"நீயும் இன்னிக்கு டாக்டர்கிட்ட சொல்லிடுவல்லக்கா?"

நர்ஸ் கன்னடத்திலும் தமிழிலும் மூத்தவளின் எண்ணைக் கூப்பிட்டார். அவள் பேண்டேஜை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கதவை யாரும் சாத்தவில்லை.

"வலி சுத்தமா இல்லீங்க சார். நாளைக்கே கம்பெனி லைனுக்கு வேலைக்குப் போலாம்னு எழுதிக் குடுங்க. இந்த மாசம் பர்மனென்ட் லிஸ்ட் போடறாங்க."