மூச்சுக்கும் குரலுக்கும் நடுவே

மின்விசிறிச் சத்தம் எனக்கு ஆகாது. அதற்காக யாரிடமும் சண்டைக்குப் போகிறவன் இல்லை. நானே எழுந்து அணைத்துவிடுவேன். அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். ஈயத்தை உருக்கி ஒயர்களைப் பற்றவைக்கும்போது எழும் சால்டரிங் புகையை வெளியே இழுக்கும் சின்ன விசிறி அது. ஓடினால் மைக்கில் ஒரு முனகல் விழும். ஜன்னலைச் சாத்தியதும் அதற்காகத்தான். தெருவில் லாரிகள் போகின்றன. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், ஐயா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

நான் சிந்தசைசருக்கு மாட்யூல் செய்கிறவன். சிந்தசைசர் என்றால் மின்சுற்றுகளால் இசை எழுப்பும் கருவி. மாட்யூல் என்பது அதன் ஒரு பெட்டி. பல பெட்டிகளை ஒயரால் இணைத்து வாசிப்பார்கள். கடைசியாக நான் செய்துகொண்டிருந்த பெட்டிக்கு வோகோடர் என்று பெயர். அது மனிதக் குரலைச் சலித்துப் பல பட்டைகளாகப் பிரிக்கும். ஒவ்வொரு பட்டையின் ஏற்ற இறக்கத்தையும் அளந்து, ஓர் இயந்திர ஒலியின் மேல் ஏற்றும். இயந்திரம் பேசத் தொடங்கும். பேசியவர் யார் என்பது போய்விடும், என்ன பேசினார் என்பது நிற்கும்.

என்னுடையது அரைகுறையாகப் பேசியது. ‘ஆ’, ‘ஓ’ எல்லாம் கணீரென்று வந்தன. ‘ச’ வரவில்லை, ‘ஸ்’ வரவில்லை. அவை வெறும் காற்றால் உண்டாகும் ஒலிகள். குரல் எங்கே முடிந்து காற்று எங்கே தொடங்குகிறது என்று ஒரு சுற்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அந்த எல்லை எனக்குப் பிடிபடவே இல்லை. ஆரோக்கியமான தொண்டையில் அது கண் இமைப்பதற்குள் கடந்துவிடுகிறது. எத்தனையோ பேரைப் பேசவைத்துப் பார்த்தேன். அரைத்த மாவையே அரைத்ததுதான் மிச்சம்.

என் அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். அங்கே எல்லாருக்கும் அவள் மைக்கக்கா. அம்மா போன பிறகு எனக்கு எல்லாமே அவள்தான். வேலை முடிந்து வந்ததும், செருப்பைக் கழற்றிய கையோடு என் மேஜைக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு எனக்காகப் பேசுவாள்.

“உன் டப்பாவுக்குப் பேச்சு கத்துக்குடுக்கற நேரத்துல உனக்குக் கத்துக்குடுத்திருந்தா, இந்நேரம் உனக்குக் கல்யாணம் ஆயிருக்கும்டா” என்பாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வரும்.

சிறு வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு உண்டு. சால்டரிங் புகை அதைக் கிளப்பிவிடும் என்பது எனக்குத் தெரியுமா என்று நேற்றே கேட்டீர்கள். தெரியும். அந்த விசிறியை வாங்கி மாட்டியதே அவள்தான்.

முதல் தடவை தற்செயலாக நடந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு மூச்சு இழுத்தது. பெட்டியின் முகப்பில் பட்டைக்கு ஒன்றாகச் சின்ன விளக்குகள் வைத்திருந்தேன். குரல் விளக்குகள் மெல்ல அணைய, காற்று விளக்குகள் மெல்ல ஏறின. ஒரு வருஷமாக நான் தேடிய எல்லை என் கண் முன்னால் நிதானமாக நடந்து போயிற்று. அவள் கைப்பையில் துழாவிக்கொண்டிருந்தாள். பஃப் அடிக்கும் அந்த மருந்து மேஜையிலேயே, என் முழங்கைக்குக் கீழே கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு, பேச உட்காருவதற்கு முன் அவள் பையிலிருந்து மருந்தை நானே எடுத்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

“பையிலதான போட்டேன்? மறதி வந்துடுச்சுடா எனக்கு” என்று தன்னையே நொந்துகொண்டாள். சமையலறை அலமாரியில் இன்னொன்று வாங்கி வைத்தாள். அதையும் நான் எடுக்க வேண்டியதாயிற்று. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வேலை முன்னேறிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஜன்னலைச் சாத்தி, விசிறியை அணைத்து, அவள் வருவதற்கு முன்பே சால்டரிங் செய்து முடித்திருந்தேன். அறையில் புகை நின்றது. எனக்கு அதுதான் வேண்டும். அவள் வழக்கம்போல உட்கார்ந்தாள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, விளக்குகளைப் பார்த்து, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். பேருந்து நேரங்களைச் சொல்லச் சொன்னேன். அவளுக்கு அவை தலைகீழ்ப் பாடம். பாதியில் இழுப்பு வந்தது.

“மருந்தப் பாத்தியாடா?”

“தேடுறேன்க்கா. நீ பேசிட்டே இரு.”

மருந்து என் சட்டைப்பையில் இருந்தது. என் கை, குரலுக்கும் காற்றுக்கும் நடுவே எல்லையை நகர்த்தும் திருகியின் மேல் இருந்தது. ஒரு மயிரிழை திருப்பினேன். முக்காலி சாய்ந்த சத்தம் கேட்டது. தரையிலிருந்து அவள் பேசினாள். ஹெட்போனில் அது இயந்திரத்தின் குரலாகத்தான் வந்தது.

“சரியா வருதாடா?”

அந்த ‘ச’ வந்துவிட்டது, ஐயா. துல்லியமாக வந்தது.

“வருதுக்கா. இன்னொரு தடவ சொல்லு” என்றேன்.

சொல்ல முயன்றாள். காற்று விளக்குகள் மட்டும் எரிந்தன. பிறகு அவையும் அணைந்தன. திருகி நகராமல் இருக்க அதன் மேல் ஒரு சொட்டு பசை வைத்தேன். அது காய்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

அழுகை வந்ததா என்று உங்கள் உதவியாளர் கேட்டார். வரவில்லை. வரும் என்று நானும் காத்திருக்கிறேன்.

இதைக் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று எழுதலாமா என்கிறீர்கள். என் மேல் இரக்கப்பட்டுச் சொல்கிறீர்கள், புரிகிறது. வேண்டாம். மருந்தை வைத்துக்கொண்டே கொடுக்காமல் என் அக்காவைக் கொன்றவன் நான். கொலை என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்று மட்டும் போடாதீர்கள். அவள் பேசுவதை அவ்வளவு கவனமாக நான் அதற்கு முன்பு கேட்டதே இல்லை.