றோலர் அறுத்த வலை

ஜூன் 14, காலை 9.20, மழையில்லை, சோளகக் காற்று. பண்டத்தரிப்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு மாதகல் மீனவர்கள் இருந்தார்கள்.

“என்ரை பெடியன்ரை கண்காட்சியைப் பழுதாக்கிப்போட்டன், அண்ணை.”

“என்னடாப்பா செய்தனி?”

“உதவித்தொகை குடுத்த ஆறு புதுக் கலைஞரிலை அவனும் ஒராள். கடலை வாரியிழுத்துக்கொண்டு போற இந்திய றோலர் படகு அறுத்த எங்கடை வலையைக் கொண்டுபோய்ச் சுவரிலை தொங்கவிட்டிருந்தான். நாலு சனம் பாக்கிற இடத்திலை கிழிசலோடை கிடக்குதெண்டு, நேற்று ஆளில்லாத நேரம் இருந்து தைச்சுப்போட்டன்.”

“நல்லதுதானே?”

“அந்தக் கிழிசலைக் காட்டத்தானாம் அவன் தொங்கவிட்டது.”

“ஏசினவனோ?”

“இல்லை. ‘வடிவாய்த் தைச்சிருக்கிறியள், அப்பா’ எண்டிட்டு அங்காலை திரும்பி நிண்டான். இண்டைக்குப் பின்னேரம் திறக்கினம். கத்தி கொண்டு போறன்.”

“பிறகென்ன, அறுத்துவிடு.”

“றோலர் அறுத்தமாதிரி எனக்கு அறுக்க வராதே, அண்ணை.”

மானிப்பாயில் இறங்க வேண்டிய நான் இதைக் கேட்டபடி யாழ்ப்பாணம் வரை போய்விட்டேன். போகவும் திரும்பி வரவும் மேலதிகமாக நூற்றிருபது ரூபா.