மடியில் இருந்த ஹெல்மெட்

— அந்தப் பையை உள்ள கொண்டு வராத ஹரி. செருப்பு விடுற இடத்துலயே வை.

— கடல்ல ஓட்டுற பட்டம், பலகை எல்லாம் ராமேஸ்வரத்துலயே குடுத்துட்டேம்மா. இதுல பிரதீப்போட ரெண்டு சட்டை, கூலிங் கிளாஸ், அப்புறம் அந்த ஹெல்மெட். அவ்வளவுதான். இத்தனை நாள் எங்க வீட்டுப் பரண்ல கிடந்துச்சு. ஆக்சுவலா பரணைப் பாத்தாலே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுது. அதான் எடுத்துட்டு வந்துட்டேன்.

— உனக்குப் பரணைப் பாத்தா ஒரு மாதிரி ஆவுது. எனக்குப் பிள்ளையைப் பாத்தாலே ஆவுது, நான் எங்க கொண்டு போயி வைக்கிறது? சரி, உட்காரு. ஸ்ரீரங்கத்துலேருந்து எதுல வந்த?

— வண்டியிலதாம்மா.

— ஹெல்மெட் போட்டுட்டா?

— போட்டுட்டுத்தான். இப்பல்லாம் தெருமுனைக்குப் பால் வாங்கப் போனாலும் போட்டுக்கறேன். வடக்கு வாசல்ல எல்லாரும் சிரிக்கிறாங்க.

— சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. பிரதீப்போட அப்பாவைப் பாரு. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல சேந்த நாள்லேருந்து தலையில தொப்பி இல்லாம ஷெட்டுக்குள்ள கால் வச்சதில்ல. இப்பவும் மாட்டிக்கிட்டுத்தான் போயிருக்காரு. அந்த மனுஷனுக்குப் பொறந்தவன், அத்தாம்பெரிய பட்டத்தை இடுப்புல கட்டிக்கிட்டு, காத்து இழுக்குற இழுப்புக்கு கடல் மேல பலகையில நிக்கப் போறான். வெறுந்தலையோட.

— பிரதீப் முழிச்சிருக்கானா?

— டிவி முன்னாடிதான் இருக்கான். சத்தம் வச்சா தலை வலிக்குதாம். ஊமைப் படமா பாத்துக்கிட்டு இருக்கான். பிரதீப்பு, இங்க திரும்பு. யாரு வந்திருக்கான்னு பாரு.

— ஹரி.

— அட, டக்குனு சொல்லிட்டியேடா. போன மாசம் வந்தப்ப என்னையப் பாத்து, ஸ்கூல்ல கூடப் படிச்ச அருள்நாதன்னு கூப்பிட்டே.

— உட்காரு. அம்மா, அது குடு. ஹரிக்கு அது. சூடா இருக்குமே, அது.

— காபியா கண்ணு?

— ம். காபி.

— பாத்தியா ஹரி, முகம் ஞாபகம் வருது. தினம் குடிக்கிற காபிதான் பேரு வர மாட்டேங்குது. ஒவ்வொரு வார்த்தையா தேடித் தேடி எடுக்குறான் என் பிள்ளை. ஆபீஸ்ல மைக் பிடிச்சு நூறு பேருக்கு நடுவுல பேசுனவன்.

— ப்ரீத்தி வந்தாளா, ஹரி?

— இல்லடா. வருவா.

— அம்மாவும் வருவா வருவாங்குது. தினம்.

— நீ படம் பாரு கண்ணு. ஹரி, நீ சமையக்கட்டுக்கு வா. காபி போட்டுக்கிட்டே பேசலாம்.

— அம்மா, தினம் கேக்குறான்ல. அவ அம்மா வீடு இருக்குற பாலக்கரை என்ன வெளிநாடா? நீங்க ஒரு போன் போட்டா அடுத்த பஸ்ல வந்து நிப்பா.

— இந்தப் பாலைப் பாத்துக்க. பொங்கி வந்தா அணைச்சுடு. நான் போன் போட மாட்டேன்.

— அவ உங்க மருமகம்மா.

— மருமக இல்லேன்னு நான் சொல்லலியே. ஆஸ்பத்திரியில என் கூடவே தரையில படுத்துக் கிடந்தா. என் வாயில இட்லியைப் பிட்டு வச்சு ஊட்டுனா. பெத்த பொண்ணு இருந்தாக்கூட அப்படிச் செஞ்சிருக்க மாட்டா. அதெல்லாம் நான் மறக்கல. ஆனா அந்தப் போட்டோவைப் பாத்ததுலேருந்து அவ மூஞ்சியைப் பாக்க என்னால ஆவல.

— எந்தப் போட்டோ?

— உங்க கூட வந்த பூவரசன் எடுத்தது. அன்னைக்கு எடுத்தது. தூரத்துல பட்டம் தெரியுது, அதுக்குக் கீழ தம்மாத்தூண்டா என் பிள்ளை. இந்தப் பக்கம் மணல்ல இவ உட்கார்ந்திருக்கா. மடியில ஹெல்மெட்டு. கைக்குழந்தையை வச்சுக்குற மாதிரி ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு இருக்கா. ஏம்ப்பா, கேக்குறேன், அது இருக்க வேண்டிய இடமா மடி?

— அவகிட்ட கேட்டீங்களா?

— நேருக்கு நேரா கேட்டேன். ஏன்டி அவன் தலையில மாட்டாம உன் மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்னேன். குனிஞ்ச தலை நிமிரல. தப்புதான் அத்தை, மன்னிச்சுடுங்கன்னா. சண்டை போட்டிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். கொஞ்ச நாள் உங்கம்மா வீட்டுல இரு, நான் கூப்பிடறப்ப வான்னேன். பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா.

— அவ மேல தப்பே இல்லம்மா.

— அப்ப யாரு மேல?

— என் மேலன்னு வச்சுக்கோங்க. அன்னைக்குக் காத்து சரியில்ல. மத்தவங்க எல்லாம் பட்டத்தை இறக்கிட்டு இருந்தாங்க. நான்தான், சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வாடான்னேன்.

— பொய் சொல்லாத ஹரி. ஆறாவது படிக்கறப்பலேருந்து உன்னைப் பாக்குறேன். பொய் சொன்னா உனக்குக் காது சிவந்துடும். இப்பச் சிவந்திருக்கு.

— அப்படியில்லம்மா.

— எப்படி அடிபட்டுச்சு? அதையாவது ஒருத்தராவது முழுசா சொல்லித் தொலைங்களேன்.

— திடீர்னு ஒரு காத்து தூக்குச்சும்மா. ஒரு மாடி உயரத்துக்குத் தூக்கிடுச்சு. அந்த மாதிரி நேரத்துல கழட்டி விடறதுக்கு நெஞ்சுக்கிட்ட ஒரு பிடி இருக்கும். அதை இழுக்கறதுக்குள்ள கரைப் பக்கம் கொண்டாந்து வீசிடுச்சு. மணல்ல மீன்காரங்க வள்ளத்தைக் கவுத்து வச்சிருந்தாங்க. அதோட விளிம்புல போயி தலை இடிச்சுது. உடம்புல வேற எங்கயும் ஒரு கீறல் இல்ல.

— பெரிய டாக்டரும் அதைத்தான் சொன்னாரு. ஹெல்மெட் மட்டும் இருந்திருந்தா எழுந்து மணலைத் தட்டிவிட்டுட்டு வந்திருப்பான்னாரு. அதைக் கேட்டுட்டு நான் எப்படி அவளைக் கூப்பிடுவேன்? நான் என்ன இங்க சும்மாவா உட்கார்ந்திருந்தேன்? பட்டம் பட்டம்னு இவன் ஆரம்பிச்ச நாள்லேயே சமயபுரத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். தாயே, கடலுக்குப் போற பிள்ளையை முழுசாத் திருப்பிக் குடு, அவன் முடியை உனக்குத் தரேன்னு. ஊரு உலகத்துல காரியம் முடிஞ்சப்புறம்தான் குடுப்பாங்க. எனக்குப் பொறுக்கல. முன்னாடியே குடுத்துட்டா அவ இன்னும் கவனமாப் பாத்துப்பான்னு தோணுச்சு.

— ம்.

— அவனுக்கு அந்தச் சுருட்டை முடி மேல எவ்வளவு ஆசைன்னு உனக்குத் தெரியும். சீப்பு வச்சா சீப்பு உடையும். அத்தனை அடர்த்தி. திரும்பி வந்து போட்டுக்கறேம்மான்னு கெஞ்சுனான். நான் விடல. நீங்க கிளம்புறதுக்கு மொத நாள் கூட்டிட்டுப் போயி மொட்டை போட்டு, சந்தனம் அப்பித்தான் அனுப்புனேன். அந்த மொட்டைதான் ஹரி இவன் உயிரைப் பிடிச்சு நிறுத்துனது. டாக்டருங்க கையை விரிச்சப்புறம் அந்த ஆத்தாதான் இழுத்துக் கொண்டாந்து குடுத்தா. இல்லேங்குறியா?

— இல்லேன்னு சொல்லலம்மா.

— பாலு. பாலு ஹரி. அணைடா. அடுப்பெல்லாம் ஊத்திடுச்சு பாரு. எங்க பாத்துக்கிட்டு நிக்குற?

— சாரிம்மா. துணி குடுங்க, நான் துடைக்கறேன்.

— விடு, நான் பாத்துக்கறேன். மிச்சம் இருக்குறது மூணு பேருக்குப் போதும். மறுபடியும் வேண்டிக்கிட்டிருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை போறோம். இவன் பேச்சு பழையபடி வரணும்னு இவனுக்கு முடி இறக்கப் போறேன். நீயும் வா.

— மொட்டை வேண்டாம்மா.

— ஏன்?

— ஆபரேஷன் பண்ண தலை. கத்தி படலாமா?

— டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். காயமெல்லாம் ஆறி, முடியும் பழையபடி மொசுமொசுன்னு வளந்தாச்சு, தாராளமா எடுங்கன்னாரு. உனக்கு என்ன வந்துச்சு? உன் மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?

— ஒண்ணுமில்லம்மா. காபி ஆறுது.

— வா, ஹாலுக்குப் போவோம். இந்தா பிரதீப்பு, உன் காபி. அய்யய்ய, இதை ஏன்டா எடுத்த? வாசல்ல வச்சிருந்த பையைப் போயி எவன் பிரிக்கச் சொன்னது?

— என்னுது.

— உன்னுதுதான். நான் இல்லேங்கல. கீழ வை.

— அம்மா, குடுங்க. நான் திருப்பி எடுத்துட்டுப் போயிடறேன்.

— இரு ஹரி. எனக்கு ஒரு ஆசை. ஒரே ஒரு தடவை இதை இவன் தலையில பாக்கணும். அன்னைக்கு இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு பாக்கணும். பிரதீப்பு, குனி.

— வேண்டாம்மா. இப்ப எதுக்கு இது?

— நீ பேசாம இரு. தா கண்ணு. அப்படித்தான். காது நசுங்குதா? இல்லல்ல. இந்த வாரை இப்படிப் போட்டுக்கிட்டா ஆச்சு. பாத்தியா ஹரி, அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உட்கார்ந்துடுச்சு. ஆட்டிப் பாரு. வா, நீயே வந்து ஆட்டிப் பாரு. இம்மியாவது அசையுதா? இவ்வளவு கச்சிதமா இருக்குறதை மாட்டி அனுப்பறதுக்கு அவளுக்கு என்ன நோவு? சொல்லு.

— விடுங்கம்மா. ப்ளீஸ்.

— ஆடுச்சு.

— என்ன கண்ணு?

— இது. ஆடுச்சும்மா. கீழ வந்து கண்ணை மூடிக்கிச்சு. ஒண்ணும் தெரியல.

— எப்படா?

— தண்ணியில.

— ஹரி, இவனுக்கு அன்னைக்கு நடந்தது ஒண்ணுமே ஞாபகம் வராதுன்னாங்களே. இவன் என்ன சொல்றான்?

— ஏதாவது கனவு கண்டிருப்பாம்மா.

— காது சிவக்குது உனக்கு. பிரதீப்பு, நீ அம்மாவைப் பாத்துச் சொல்லு. இப்ப ஆடுதா?

— இப்ப ஆடல.

— இப்ப ஆடாதது அன்னைக்கு மட்டும் எப்படிடா ஆடும்? அதே தலை, அதே ஹெல்மெட்டு.

— அன்னைக்கு முடி இல்லம்மா.

— என்னது?

— நீதான் குடுத்துட்டியே. கோயில்ல.

— ஹரி. இங்க பாரு. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. இவன் சொல்றது நிஜமா?

— காபியைக் கீழ வைங்கம்மா.

— நிஜமான்னு கேக்குறேன்ல.

— நிஜம்தாம்மா. அந்த முடியோட போட்டுப் பாத்து வாங்குன ஹெல்மெட். மொட்டைத் தலையில தொளதொளன்னு நின்னுச்சு. வாரைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாத்தோம். சந்தனத்துல வேற வழுக்குச்சு. மொத ரவுண்டுலயே கண்ணை மறைச்சு, தண்ணியில விழுந்து எழுந்து வந்தான். இதைப் போட்டாத்தான்டி ஆபத்துன்னு சொல்லிக் கழட்டி ப்ரீத்தி மடியில போட்டுட்டான். அவ கையைப் பிடிச்சு இழுத்தா. வேற ஹெல்மெட் வர்ற வரைக்கும் போகாதீங்கன்னு அழுதா. ஒரே ஒரு ரவுண்டுன்னான். எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க, ஒரே ஒரு ரவுண்டுன்னு.

— நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்த?

— பாத்துக்கிட்டு நின்னேன். என் கழுத்துல ஒரு துண்டு கிடந்துச்சும்மா. அதை மடிச்சு அவன் தலையில சுத்தி, மேல ஹெல்மெட்டை மாட்டியிருந்தா போதும். நின்னிருக்கும். அவ்வளவுதான் வேலை. ஒருத்தருக்கும் தோணல. இப்ப தினம் குளிச்சுட்டுத் துண்டைக் கையில எடுக்கறப்ப தோணுது.

— வந்து போட்டுக்கறேம்மான்னான். கெஞ்சுனான் ஹரி. நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி உட்கார வச்சேன்.

— நீங்க வேணும்னா செஞ்சீங்க? அவன் நல்லா இருக்கணும்னுதானே செஞ்சீங்க.

— அம்மா, அழாத. கழட்டிடறேன். இதைக் கழட்டிடறேன்.

— வேண்டாம் கண்ணு. இருக்கட்டும். ஹரி, இது ப்ரீத்திக்குத் தெரியுமா? எதனால கழட்டுனான்னு அவளுக்குப் புரிஞ்சிருந்துச்சா?

— எங்க எல்லாருக்கும் முன்னாடி அவளுக்குத்தாம்மா புரிஞ்சுது. ஆஸ்பத்திரி வாசல்லயே என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. பழி என் மேலயே இருந்துட்டுப் போவட்டும் ஹரி, அத்தை காதுக்கு மட்டும் இது போகவே கூடாது, தாங்க மாட்டாங்கன்னு.