மலை மேல இருந்து வந்த பதில்

ராத்திரி ஒன்பதே முக்கால் இருக்கும். விடாத மழை. மலைக்கு ஏறுற ரோட்டுல ஒரு விளக்கு கிடையாது, ஒரு ஈ காக்கா கிடையாது. ஒருத்தர் மட்டும் தோள்ல பையைப் போட்டுக்கிட்டு ஏறிக்கிட்டு இருந்தாரு...

யாருன்னா, என் கூட வேலை பாக்குறவனோட தாய்மாமா. டிவி ரிப்பேர் கடை வச்சிருந்தாரு. ஊரே அவர ரேடியோக்காரர்னுதான் கூப்பிடும். லைசென்ஸ் வாங்கி, ஆசைக்காக ரேடியோவுல பேசுற கூட்டம் இருக்குல்ல, ஹாம்னு சொல்லுவாங்களே, அதுல அவரும் அவர் தம்பியும் பைத்தியம். சமையல்கட்டுல இருந்து உப்பு கொண்டு வரச் சொல்றதுக்கும் வாக்கி டாக்கிதான். சிரிக்காதீங்கடா, கேளுங்க.

மலை உச்சியில ஒரு சின்ன அறை. அதுக்குள்ள ரிப்பீட்டர்னு ஒரு பெட்டி. கீழ இருந்து வர்ற சன்னமான பேச்சை வாங்கி, பலமாத் திருப்பி விடும். அது இருந்தாத்தான் மலைக்கு அந்தப் பக்கம் இருக்குறவனும் இந்தப் பக்கம் இருக்குறவனும் பேசிக்க முடியும். அன்னைக்குப் பார்த்து அது படுத்துடுச்சு. செல்போன் டவர் மத்தியானமே போச்சு. தம்பி அந்தப் பக்கத்துல இருந்து பைக்ல வீட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கான். நடுவுல ஒரு தரைப்பாலம். அது மேல கழுத்தளவு வெள்ளம். இருட்டுல ஆழம் தெரியாது. இந்தக் கரையில நின்னு தொண்டை கிழியக் கத்தினாலும் அந்தக் கரைக்குக் கேக்காது. தாண்டாதடான்னு ஒரு வார்த்தை அவன் காதுல போட்டாகணும். அதுக்காகத்தான் மனுஷன் மலை ஏறினாரு.

அறைக் கதவைத் தொறந்தாரு. ஈரச் சுவர் வாடை. பெட்டியில பச்சை லைட் எரியுது... அப்போ பேட்டரியில கரண்ட் இருக்கு. ஆன்டெனாவுக்குப் போற கேபிளைக் கழட்டினாரு. உள்ள இருந்து தண்ணி... சொட்... சொட்... "இதானா உன் வியாதி"ன்னு அந்த நேரத்துலயும் பெட்டியத் திட்டினாரு. நனைஞ்ச துண்டை வெட்டி எறிஞ்சுட்டு, புது முனையை வச்சு ஈயத்தை உருக்கிப் பத்த வச்சாரு. டார்ச் வாயில. மாட்டினாரு. டொக்... சிவப்பு லைட்டும் வந்துச்சு, பெட்டி வேலை செய்யுது.

இங்கதான் தப்பு பண்ணாரு.

இந்த ஹாம் கூட்டத்துல கண்டிப்பான ஒரு வழக்கம் உண்டு. பேசுறதுக்கு முன்னாடி, வேற யாராவது இருக்காங்களான்னு காது குடுத்துக் கேக்கணும். அப்புறம் தன்னோட கால்சைனைச் சொல்லணும். வண்டிக்கு நம்பர் மாதிரி, ஆளுக்கு ஒண்ணு. அதைச் சொன்னாத்தான் பேசறது இன்னார்னு அர்த்தம். தூக்கத்துல கூடத் தவறாம சொல்ற மனுஷன், அன்னைக்கு அவசரத்துல ரெண்டையும் விட்டுட்டாரு. வாக்கி டாக்கி பட்டனை அழுத்தி, "யாரா இருந்தாலும் சரி, பதில் சொல்லுங்க!"ன்னு கத்திட்டாரு.

இரைச்சல்... இரைச்சலுக்குள்ள, யாரோ பக்கத்துல மூச்சை இழுக்குற மாதிரி ஒரு சத்தம்.

அப்புறம் தம்பி குரல். "அண்ணா! தரைப்பாலத்துக்கிட்ட நிக்கிறேன். ஒண்ணும் தெரியல. தாண்டலாமா?"

அவருக்கு உயிரே வந்துச்சு. பட்டனை அழுத்தி, "தாண்டாதடா! அங்கயே நில்லு!"

"அண்ணா... கேக்குதா?"

மறுபடி கத்தினாரு. கையில இருக்குற வாக்கி டாக்கியில லைட் எரியுது. ரெண்டடி தள்ளி இருக்குற பெட்டி மட்டும் அவர் பேச்சை வாங்கவே மாட்டேங்குது. "தாண்டாதடா... தாண்டாதடா..." தொண்டை கட்டிப் போச்சு.

அப்போ பதில் போச்சு. நிதானமா, முறைப்படி, முதல்ல ரேடியோக்காரரோட கால்சைன். அப்புறம் பேச்சு.

"கேக்குது தம்பி. முழங்கால் தண்ணிதான். தாராளமா வா."

அவர் குரல். அச்சு அசல் அவரே.

பாய்ஞ்சு போய் ஆன்டெனா கேபிளைப் பிடுங்கினாரு. நிக்கல. பேட்டரி வயரைப் பிடுங்கினாரு. லைட்டெல்லாம் அணைஞ்சுது, பெட்டி செத்துப் போச்சு... கையில இருந்த வாக்கி டாக்கி மட்டும் பேசிக்கிட்டே இருக்கு.

"எதிர்க்கரையில நான்தான் டார்ச் அடிக்கிறேன். தெரியுதா?"

"தெரியுது அண்ணா... உன்னப் பாத்துட்டேன். வரேன்... கையை நீட்டு."

அவ்வளவுதான். அதுக்கப்புறம் மழைச் சத்தம்.

மலையில விழுந்து புரண்டு இறங்கி தரைப்பாலத்துக்கு ஓடினாரு. எதிர்க்கரையில பைக் நிக்குது. ஹெட்லைட் எரியுது. ஆள் இல்ல. அந்த இடத்துலயே உக்காந்து அழுதாரு. சத்தமே வரல, வெறும் கண்ணீர். அப்புறம் ஆளுங்களைக் கூட்டிட்டு வரணுமேன்னு வீட்டுக்கு ஓடினாரு.

வீட்டுப் பின்கதவு வழியா நுழைஞ்சா, தம்பி பொண்டாட்டி மேசை ரேடியோ முன்னாடி உக்காந்திருக்கு. இவரப் பாத்ததும் சிரிச்சுக்கிட்டே எழுந்துச்சு.

"வந்துட்டீங்களா மாமா! ரெண்டு பேரும் சேர்ந்துதான் வர்றோம்னு இப்பதானே சொன்னீங்க. அவரு எங்க?"

வாயைத் தொறந்தாரு. காத்துதான் வந்துச்சு.

மேசை மேல இருந்த ரேடியோ டொக்குன்னு உயிர் வந்து, அவர் குரல்லயே அவரோட கால்சைனைச் சொல்லுச்சு.

"வாசல்லதான் நிக்கிறோம்மா. கதவைத் திற."

அந்தப் பொண்ணு அவரையும் ரேடியோவையும் மாறி மாறிப் பாத்துச்சு. அவர் ரெண்டு கையையும் ஆட்டினாரு, வேண்டாம் வேண்டாம்னு. வெளிய முன்கதவை யாரோ மெதுவாத் தட்டினாங்க... ஈரக் கையால தட்டுற சத்தம்.

கூடவே தம்பி குரல். "நான்தான்டி. குளிருது."

அந்தப் பொண்ணு ஓடிப் போய்த் தாழ்ப்பாளைத் தூக்கிடுச்சு.