வெந்நீரில் ஒரு குல்லா

மகள்: ஒரு குல்லாவை நீங்க துவைச்சுக் காட்டுங்க மேடம். இங்கேயே. உங்க கையால.

அம்மா: பாப்பா…

மேடம்: என்ன சொல்றா உன் பொண்ணு?

அம்மா: ஒண்ணுமில்ல மேடம். சும்மா விளையாட்டுக்கு…

மகள்: விளையாட்டு இல்ல. உங்க கெட்டில்ல தண்ணி கொதிக்குது. பேசின் காலியாத்தான் இருக்கு. சோப்புத் தூள் நான் கொண்டாந்திருக்கேன்.

அம்மா: பஸ்ல வரும்போது தலைதலையா அடிச்சுக்கிட்டேன். என்ன வேணாலும் பேசு, மேடத்தைத் துவைக்க மட்டும் சொல்லாதேன்னு.

மகள்: நீ சொன்னே. நான் சரின்னு சொல்லலையே.

மேடம்: இரு, இரு. நான் உங்களை வரச் சொன்னது நூலைப் பத்திப் பேச. நாலு மணிக்கு என் பின்னல் குழுப் பொம்பளைங்க நாப்பது பேரு வருவாங்க. ஆளுக்கு அஞ்சு உருண்டை நூல் எடுத்துக்கிட்டுப் போவாங்க. குளிர் ஆரம்பிக்கிறதுக்குள்ள இருநூறு குல்லா, உங்க ஆஸ்பத்திரியில குறைமாசத்துல பொறந்த குழந்தைங்களுக்கு. இதுல துணி துவைக்கிறது எங்கேருந்து வந்துச்சு?

மகள்: எந்த நூல்னு முடிவு பண்றவங்க ஒரு தடவையாவது அதைத் துவைச்சுப் பார்க்கணும்ல?

மேடம்: அதுக்குத்தான் உங்க சலவைக்கூடம் இருக்கே. உங்கம்மா இருபது வருஷமா அங்கதானே நிக்கிறா. இப்ப நீ அவளுக்கே மேற்பார்வையாளர். துணியைப் பத்திப் பட்டம் வாங்கினவ.

மகள்: அதனாலதான் கேக்குறேன்.

மேடம்: வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் இருக்குமா?

மகள்: ஏழு.

மேடம்: ஏழு மாசத்துல இவ்வளவு வாய்.

மகள்: வாய் பொறந்ததுலேருந்து இருக்கு. வேலைதான் ஏழு மாசம்.

அம்மா: மன்னிச்சுக்குங்க மேடம். வீட்டுலயும் இப்படித்தான். லைட்டைப் போடுடின்னா, எதுக்கு, பகல்தானேன்னு கேப்பா.

மேடம்: பரவால்ல, சிரிப்பாத்தான் இருக்கு. இங்க வா ஆபீசர். இந்த நூலைத் தொடு. பூனைக்குட்டி முதுகு மாதிரி இல்ல? அசல் கம்பளி. என் தம்பி கடையை மூடும்போது நாலு மூட்டை அனுப்பி வச்சான். லேபிள்ல குழந்தை படமே போட்டிருக்கு பாரு.

மகள்: முன்பக்கம் குழந்தை. பின்பக்கம் படிச்சீங்களா?

மேடம்: பொடி எழுத்து. கண்ணாடி வேணும்.

மகள்: நான் படிக்கிறேன். ‘கையால் மட்டும் அலசவும். குளிர்ந்த நீர்.’ எங்க மெஷின்ல குளிர்ந்த நீரே கிடையாது மேடம். குழந்தை வார்டுலேருந்து எது வந்தாலும் கையை விட்டா வெந்துபோற சூட்டுல அரைமணி நேரம் உருளணும். சாக்ஸ், குல்லா, போர்வை, எதுக்கும் சலுகை இல்ல. அந்தக் குழந்தைங்களுக்கு ஒரு சின்னக் கிருமியைக்கூடத் தாங்குற உடம்பு இல்லைன்னுதான் அந்த விதி.

மேடம்: அதெல்லாம் எனக்கும் தெரியும்.

மகள்: தெரிஞ்சா சரி. போடுங்க தண்ணியில.

அம்மா: நான் போடுறேன் மேடம், உங்க கை சுட்டுடும்…

மகள்: நீ உக்காரும்மா.

மேடம்: விடு. இவ என்னதான் செய்யறான்னு பாப்போம். எந்தக் குல்லாவைப் போட? இது நானே பின்னினது. நாலு நாள் ஆச்சு.

மகள்: அதையே போடுங்க. ம்… சோப்பு. கரண்டியால கிண்டுங்க. நிறுத்தாதீங்க. மெஷின் நடுவுல டீ குடிக்கப் போகாது.

மேடம்: எத்தனை நேரம்?

மகள்: பத்து நிமிஷம் போதும். அப்புறம் பச்சைத் தண்ணியில ஒரு முக்கு. திரும்பக் கொதி தண்ணி.

மேடம்: என் வீட்டுக்காரருக்குக்கூட நான் இவ்வளவு துவைச்சதில்ல… என்னடி இது, தண்ணியெல்லாம் ரோசா நிறமாப் போகுது.

மகள்: சாயம். அந்தச் சாயம்தான் குழந்தை வேர்வையில நெத்தியில இறங்கும். இப்ப வெளிய எடுங்க. கையில மாட்டிப் பாருங்க.

மேடம்: இரு, பிழிஞ்சுக்கிறேன்.

மகள்: மாட்டுங்க மேடம்.

மேடம்: நாலு விரல்கூட நுழையல.

மகள்: இழுத்துப் பாருங்க.

மேடம்: இழுக்க வரல. அட்டை மாதிரி ஆயிடுச்சு. இது… நாலு நாள் உக்காந்து பின்னினதுடி.

அம்மா: அழாதீங்க மேடம்.

மேடம்: நான் எங்க அழறேன்? சோப்பு கண்ணுல பட்டுடுச்சு.

மகள்: இந்தாங்க, இதைப் பாருங்க. பருத்தி. முப்பது தடவை எங்க மெஷின்ல போட்டு எடுத்தது. நானே பின்னினேன்.

மேடம்: நீ பின்னினதுன்னு சொல்லவே வேண்டாம். ஒரு காது மேல, ஒரு காது கீழ.

மகள்: கோணல்தான். ஆனா குல்லாவா இருக்கு.

மேடம்: பருத்தி இழுத்துக் குடுக்காது. தலையில நிக்காம கழண்டு விழும்.

மகள்: ஒரு கண்ணி நேரா, ஒரு கண்ணி தலைகீழாப் போட்டா இழுத்துக் குடுக்கும். விளிம்புல நாலு விரக்கடை அப்படிப் பின்னினாப் போதும்.

மேடம்: கெட்டி நூல். என் ஆளுங்க பாதிப் பேருக்கு விரல் முட்டி வீங்கிக் கிடக்கு. கம்பளின்னா அது கூடவே வளைஞ்சு குடுக்கும். பருத்தி நம்ம கையத்தான் வளைக்கும். அப்ப அக்ரிலிக் வாங்கலாம். சல்லிசு, மெத்துனு இருக்கும், நிறம் போகாது.

மகள்: எங்க உலர்த்துற மெஷின் சூட்டுல அது தொவண்டு போகும். ரெண்டே தடவையில பழைய பாலித்தீன் பை மாதிரி. போட்டுப் பார்த்துட்டேன். அதையும் காட்டவா? பையிலதான் இருக்கு.

மேடம்: வேண்டாம். நீ ஒரு மூட்டையோடதான் வந்திருக்கே… ஆனா ஒண்ணு கேக்கணும் ஆபீசர். மூணு வருஷமா நாங்க கம்பளிதான் குடுக்குறோம். போன மாசம்கூட வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு குல்லாகூடச் சுருங்கல. நிறம் போகல. பூ மாதிரி இருந்துச்சு. அப்ப உங்க கொதி தண்ணி எங்க போச்சு?

மகள்: அதை விடுங்க. இப்ப நூலைப் பத்திப் பேசுவோம்.

மேடம்: ஏன் விடணும்? இவ்வளவு நேரம் என்னைக் கிண்ட வச்சே. இப்ப நான் கேட்டா மட்டும் பேச்சை மாத்துறே. சுருங்குறதா இருந்தா மூணு வருஷத்துல சுருங்கியிருக்கணுமே.

மகள்: மேடம், இன்னைக்கு என்ன நூல்னு மட்டும்…

மேடம்: உங்க மெஷின் சும்மா வெதுவெதுன்னு ஓடுது. நீ என்னை மிரட்டுறே. அதானே?

மகள்: மெஷின் ஒழுங்காத்தான் ஓடுது.

மேடம்: பின்ன?

அம்மா: நான்தான் மேடம்.

மகள்: அம்மா, பேசாம இரு.

அம்மா: எத்தனை நேரம் பேசாம இருக்க? அவங்களைத் துவைக்கச் சொல்லாதேன்னு இதுக்குத்தானே உன்கிட்டக் கெஞ்சினேன். துவைச்சா இந்தக் கேள்வி வரும்னு எனக்குத் தெரியாதா?

மேடம்: நீதான்னா… என்ன நீதான்?

அம்மா: குல்லாவை நான் மெஷின்ல போடுறதில்ல. பொறுக்கித் தனியா எடுத்து வச்சிடுவேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் பின்பக்கக் குழாயில பச்சைத் தண்ணி பிடிச்சு, கையால அலசி, பாய்லர் ரூம் கம்பியில காயப் போட்டுருவேன்.

மேடம்: மூணு வருஷமாவா?

அம்மா: மொத வருஷம் பன்னெண்டு குல்லா இந்த மாதிரிதான் சுருங்கிப் போச்சு. அன்னைக்கு நீங்க வார்டுக்கு வந்தீங்க. கண்ணாடி வழியா எட்டிப் பார்த்து, எங்க குல்லா எங்கன்னு நர்ஸைக் கேட்டீங்க. நான் துணி வண்டியைத் தள்ளிக்கிட்டு உங்க பின்னாடிதான் நின்னேன். வண்டிக்குள்ளதான் கிடந்துச்சு பன்னெண்டும். அடியில. காட்ட மனசு வரல… மறுவாரத்துலேருந்து கையால துவைக்க ஆரம்பிச்சேன்.

மேடம்: சாப்பிடாம?

அம்மா: நின்னுக்கிட்டே ரெண்டு வாய் சாப்பிட்டுருவேன்.

மேடம்: நீ… ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அம்மா: உங்க குழுவுல ஒரு அம்மா, கண்ணு சரியாத் தெரியாதவங்க, தடவித் தடவியே ஏழு குல்லா பின்னினாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. அதுல ஒண்ணை நான் குப்பையில போடவா?

மேடம்: பாத்தியா ஆபீசர்? இருபது வருஷ அனுபவம்ங்கிறது இதுதான். பட்டம் வாங்கினா வராது. நான் ஒண்ணு சொல்றேன், கேளு. இந்த ஒரு வருஷம் இப்படியே போகட்டும். நூல் இருக்கு, ஆளுங்க வரப் போறாங்க. உங்கம்மா எப்பவும் போல அலசட்டும், ஒத்தாசைக்கு எங்க ஆளு ரெண்டு பேரை அனுப்புறேன். அடுத்த வருஷம் பருத்திக்கு மாறிக்கலாம். மூணு வருஷம் யாருக்கு என்ன ஆச்சு?

மகள்: ரெண்டு குழந்தைக்கு நெத்தியில கொப்புளம் வந்துச்சு.

மேடம்: என்னது?

மகள்: பதினஞ்சு நாளைக்கு முன்னாடி. குல்லா விளிம்பு படுற இடத்துல, கோடு போட்ட மாதிரி.

அம்மா: எந்தக் குழந்தைங்கடி? நீ சொல்லவே இல்லையே.

மகள்: இப்பத் தேவலை. ஒண்ணு வீட்டுக்கே போயிடுச்சு.

அம்மா: என்னாலயா?

மகள்: உன்னாலதான்னு நான் சொல்லலம்மா. இல்லைன்னும் என்னால சொல்ல முடியல. அந்தக் குல்லா ஒண்ணுகூட வெந்நீரைப் பார்க்கல. ஒரு குழந்தை தலையிலேருந்து எடுத்து, பச்சைத் தண்ணியில முக்கி, இன்னொரு குழந்தை தலையில மாட்டியிருக்கோம். மூணு வருஷமா. சாயமோ, கிருமியோ, ரோமம் குத்துனதோ, யாரு கண்டா?

அம்மா: நல்லதுன்னு நெனச்சுத்தான்டி…

மகள்: தெரியும். அதான் எனக்கு ஆத்திரமே. கெட்டது பண்ணணும்னு பண்ணியிருந்தாத் திட்டிட்டுப் போயிடுவேன். உன்னை என்னன்னு திட்டுறது?

மேடம்: சரி. சரி… நடந்தது நடந்து போச்சு. நம்ம மூணு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. பருத்திக்கே மாறிடுவோம். நாளைக்கே. உங்கம்மா பேரு எதுலயும் வர வேண்டாம். ரிட்டையர் ஆக இன்னும் ரெண்டு வருஷம்தானே அவளுக்கு?

அம்மா: ஒன்றரை.

மேடம்: ஒன்றரை வருஷம். வாயை மூடிக்கிட்டாக் கழிஞ்சிடும். வார்டுல இருக்குற பழைய குல்லாவைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கலாம்.

மகள்: வார்டுல இப்ப ஒரு கம்பளிக் குல்லாகூட இல்ல மேடம். காலையிலேயே எண்பத்தாறையும் எண்ணி எடுத்து மூட்டை கட்டிட்டேன்.

மேடம்: யாரைக் கேட்டு?

மகள்: யாரையும் கேக்கல. அது என் வேலை.

மேடம்: அப்ப எதுக்கு இங்க வந்தே? எல்லாத்தையும் முடிச்சுட்டு, என் கையை வேற வெந்நீர்ல விட வச்சு…

மகள்: மறுபடி இருநூறு வரக் கூடாதுன்னு. நான் வாயால சொல்லியிருந்தா, சின்னப் பொண்ணு, படிச்ச திமிருன்னு ஒதுக்கியிருப்பீங்க.

மேடம்: ஒதுக்கியிருப்பேன்தான்.

மகள்: வாசல்ல ரெண்டு பெட்டி பருத்தி நூல் இறக்கி வச்சிருக்கேன். கூடப் படிச்சவ ஒருத்தி மில்லுல இருக்கா, அவகிட்டக் கேட்டு வாங்கினேன். வெள்ளையும் இளமஞ்சளும். சாயம் கம்மி. கூடவே மூங்கில் ஊசி நாப்பது ஜோடி, விரல் வலிக்கு அதுதான் இதம்.

மேடம்: இந்த நாலு மூட்டைக் கம்பளியை நான் எங்க கொண்டு போய்க் கொட்ட?

மகள்: கொட்ட வேண்டாம். பெரியவங்களுக்குப் போர்த்திக்கப் பின்னுங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் இருக்கு. அங்க கையாலதான் துவைக்கிறாங்க, போய்ப் பார்த்துட்டேன். கண்ணு தெரியாத அந்த அம்மாகிட்ட முதல்ல கம்பளியைக் குடுங்க.

மேடம்: எல்லாத்தையும் நீயே முடிவு பண்ணிட்டே.

மகள்: நூலைத்தான் முடிவு பண்ணினேன். பின்னப் போறது நீங்க.

மேடம்: நாலு மணிக்கு வர்றவங்ககிட்ட என்னன்னு சொல்லுவேன்? மூணு வருஷம் நாம குடுத்தது தப்புன்னா?

மகள்: ஆமா. அப்படியே சொல்லுங்க. அழுவாங்க. அப்புறம் பின்னுவாங்க. அம்மா, உன் பையை எடு.

அம்மா: எங்கடி? இன்னைக்கு எனக்கு லீவு நாளு.

மகள்: ஆஸ்பத்திரிக்கு. மூணு மணிக்கு வார்டுப் பெரிய நர்ஸ் வரச் சொல்லியிருக்காங்க.

அம்மா: எதுக்கு?

மகள்: கொப்புளம் எப்படி வந்திருக்கலாம்னு எனக்குத் தெரிஞ்சதை எழுதி, காலையிலேயே குடுத்துட்டேன். அதைப் பத்திக் கேக்க.

மேடம்: எழுதியா குடுத்தே? பெத்தவளைப் பத்தியா?

மகள்: நகருங்க மேடம், கதவைத் திறக்கணும்.

அம்மா: பாப்பா, நில்லு… அதுல என் பேரு இருக்கா?

மகள்: இருக்கும்மா. ரெண்டாவது வரியில. முதல் வரியில என் பேரு. நீ குழாயடியில குல்லா அலசுனதை நான் வேலைக்கு வந்த மூணாவது நாளே பார்த்தேன். ஏழு மாசமா நானும் பேசாமத்தான் இருந்தேன்.