மூடிக்கு நாலு விரல்

— நாப்பது மூடியும் தப்பு மாமா. ஒண்ணு ரெண்டு இல்ல, நாப்பதும்.

— அப்ப எல்லாம் ஒரே மாதிரி இருக்குதில்ல? அதுக்குத்தான சுஜாதா மேடம் தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க.

— எனக்குச் சிரிப்பு வரல. மேல இன்னொரு கூடைய வெச்சா ஆடுது. டிபன் கேரியர் மாதிரி உக்காரணும், வேணுங்கறவங்க மூணடுக்கு, இல்லாட்டி ஓரடுக்குன்னுதான அந்தம்மா படம் போட்டுக் குடுத்துச்சு? மூடி நாலு விரல் இறங்கினாத்தான் கூடையக் கவ்வும். நீ ரூம்ல பின்னி அனுப்பினது மூணுதான் இறங்குது.

— மூங்கில் காஞ்சு சுருங்கியிருக்கும் சம்பங்கி.

— ஓசூர்ல ஏத்தி கல்லாவியில எறக்கறதுக்குள்ளயா?

— அந்த பஸ்ஸுல வந்தா நானே ஒரு சுத்து சுருங்கிடறன்.

— உனக்கும் ஒரு டேப் குடுத்தாங்களே, தையக்காரங்க டேப்பு?

— இருக்குது, இருக்குது. ரூம்ல கொடியாக் கட்டி துணி காயப் போட்டிருக்கன். பதினஞ்சு வருசமா விரலால அளந்தவன்டி. என்னைக்காவது அளவு தப்புச்சா?

— அதான் எனக்கும் புரியல. போன மாசம் சாம்பிளுக்கு அனுப்பின மூடி கச்சிதமா கவ்வுச்சு. மேடம் அதத் தொறந்து தொறந்து மூடிப் பார்த்துச்சு, கொழந்த மாதிரி.

— எடுத்த எடுப்புல நல்லாத்தான் செய்வேன். கல்யாணத்துலகூட அப்படித்தான.

— நாளைக்கு மத்தியானம் சரக்கெடுக்க பெங்களூர் வண்டி வருது மாமா. இது தேறினாத்தான் மாசாமாசம் ஆர்டர். அது வந்தாத்தான் நீ அந்தத் தகடு வெட்டற பிரஸ் கம்பெனிய விட்டுட்டு ஊருக்கு வருவே. ரெண்டு வருசமா இதயே சொல்லிக்கிட்டு இருக்கறே. எனக்கு அலுத்துப் போச்சு.

— எனக்கும்தான்.

— ஆமா, உனக்கு இது பகல் ஷிஃப்ட்டுதான? மிஷின் சத்தமே காணோம்?

— லீவு.

— லீவா? எங்கப்பன் செத்ததுக்கே அரைநாள்தான் குடுத்தாங்க.

— சூப்பர்வைசருக்குத் திடீர்னு மனசு எளகிடுச்சு. டீ, பன்னெல்லாம் வாங்கிக் குடுத்து, ரூம் வரைக்கும் கொண்டாந்து உட்டுட்டுப் போனாருன்னா பார்த்துக்கோ.

— வீடியோவுல வா. மூடியக் காட்டறன்.

— கேமரா போயிருச்சுன்னு சொன்னனே.

— இருபது நாளாவா?

— செல்லு பழசு சம்பங்கி.

— மாமா.

— ம்.

— எப்படி அளந்தே? கைய எப்படி வெச்சே, அத மட்டும் சொல்லு.

— எப்பவும் போலத்தான். கட்டைவிரல விட்டுட்டு, மீதி விரலையெல்லாம் சேத்து வெச்சேன். அதுல ஒண்ண பிரஸ் மிஷின் எடுத்துக்கிட்டது கைக்கு இன்னும் தெரியல போல.